‘நாளைக்கு வாறன்’

“நம்பி ஒரு வேலைக்கு ஆளெடுக்க ஏலாமக் கிடக்கு.” எமது பகுதியில் இந்த வசனத்தை ஒருவர் ஒரு கிழமைக்குள் எத்தனை தடவை கேட்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கும். இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போது கேட்கலாம். கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது கேட்கலாம். எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் சம்பள உயர்வு பற்றிய பேச்சு ஓய்ந்ததும் அடுத்ததாக இதுதான் வரும். சொல்கிறவர்கள் எல்லோரும் செல்வந்தர்களுமல்லர். பெருமூச்சோடு சொல்லப்படும் இந்த வசனத்தில் ‘நம்பி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைத்தான் சற்று யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

வீடு கட்ட மேசன் இருக்கிறார். கதவு நிலை செய்ய ஓடாவி இருக்கிறார். அவர்களும் தவணை சொல்லித் தவறுகிறவர்கள்தாம், எனினும் அது வேறு கதை. இங்கே நான் பேசுவது தொட்டாட்டு வேலைகளைப் பற்றி. உடைந்துபோன இரண்டு ஓடுகளை மாற்றுவது, கிணற்றை இறைத்துச் சேறு அள்ளுவது, சரிந்த வேலியை நிமிர்த்துவது, கூரைக்கு மேல் சாய்ந்த மாங்கொப்பை வெட்டுவது, லொறிக்காரர் ரோட்டோரத்தில் பறித்துவிட்டுப் போன மணலை வளவுக்குள் அள்ளிப் போடுவது போன்றவை. அநேகமாக எல்லாம் அரைநாள் வேலைகள். எந்தத் தொழிலுக்கும் சொந்தமில்லாத வேலைகள். செய்கிறவருக்கும் ‘கூலியாள்’ என்பதைத் தவிர வேறு தொழிற்பெயர் கிடையாது. ஆனால், செய்யாமல் விட்டால் ஒரு மாரிக்குள் வீடு வீடாக இராது.

ஆள் கிடைக்காமைக்கு ஊரில் சொல்லப்படும் காரணங்கள் தெரிந்தவைதாம். இளைஞர்களுக்குச் சோம்பல், போதை, கையில் போன். இவற்றில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆட்கள் குறைந்துபோனதற்குக் கண்கூடான காரணங்களும் உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு எமது ஊர்களின் கைகளை வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரமெங்கும் ஒரே காலத்தில் வீடுகள் எழும்பியபோது, சாந்துச் சட்டி தூக்கத் தெரிந்த எவரும் வீட்டு வேலைக்குக் கிடைக்கவில்லை. 2022இல் நாடு வங்குரோத்தானபோது அந்த ஒரே ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி வெளிநாடு சென்றார்கள். எங்கள் கிராமத்திலும் அது தெரிந்தது.

ஆனால், ஆள் குறைவு என்பது கூலி ஏன் கூடியது என்பதற்கு விளக்கமாகும். ‘வரமாட்டேன்’ என்று ஒருவர் சொல்வதற்கும் விளக்கமாகும். வராத ஒருவர் ‘நாளைக்கு வாறன்’ என்று ஏன் சொன்னார் என்பதற்கு அது விளக்கமாகாது. தேவைக்கு மிஞ்சிய வேலை கைவசம் இருப்பவர், நெஞ்சை நிமிர்த்தி ‘ஏலாது’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே? ஏன் சொல்வதில்லை?

இந்தக் கேள்வியை நான் ஒருவரிடம் நேரடியாகவே கேட்டேன். ஒன்பதாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவர். இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டார். தொட்டாட்டு வேலைகள்தாம் சீவனோபாயம். ‘ஆளை நம்பேலாது’ என்று ஊரில் பெயரெடுத்தவர்களுள் அவரும் ஒருவர். கோபப்படாமல், ஒரு கணக்கைச் செய்து காட்டுவதுபோலப் பதில் சொன்னார்.

“சேர், ‘ஏலாது’ன்டு சொன்னா அந்த வீட்டில அடுத்தமுறை கூப்பிட மாட்டாங்க. ‘இவனுக்குக் கொழுப்பு’ன்டு சொல்லிப்போடுவாங்க. ‘வாறன்’ன்டு சொல்லிப்போட்டு வராட்டி ஏசுவாங்க. ஏசிப்போட்டுத் திரும்பக் கூப்பிடுவாங்க. இதுல எது சேர் நட்டம்?”

நான் படித்த எந்த நூலும் இந்த விடயத்தை இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லித் தந்ததில்லை. உண்மையான ‘இல்லை’ என்பதற்குத் தண்டனை நிரந்தரம். பொய்யான ‘ஓம்’ என்பதற்குத் தண்டனை ஒரு நாள் ஏச்சு. இந்த விலைப்பட்டியலை எழுதியவர் அவரல்லர். கூலிக்கு ஆளெடுக்கும் நாம்தான் சிறிது சிறிதாக எழுதி வைத்திருக்கிறோம். ‘இல்லை’ என்று சொல்ல வழியில்லாத ஒருவருடைய ‘ஓம்’ என்பதற்கு எவ்வளவு பெறுமதி இருக்க முடியும்? அது வாக்குறுதியே அல்ல. மரியாதைக்குச் செய்யும் ஒரு தலையசைப்பு. அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு விடியற்காலையில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது நாம்.

வகுப்பறையில் நிற்பவனுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. பாடத்தை முடித்துவிட்டு “விளங்கிச்சா?” என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் “ஓம் சேர்” என்பார்கள். ‘விளங்கல்ல’ என்று எழும்புகிற பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். சில வேளை ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பார். ‘விளங்கியதா’ என்பது வினாவே அல்ல என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்தார்கள். விடையை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுக் கேட்கப்படுவது வினாவாகாது என்பது அதன் கருத்து. “நாளைக்கு வாறாய்தானே?” என்பதும் அந்த வகையைச் சேர்ந்ததே. அந்த ‘தானே’யைக் கவனியுங்கள்.

அரைநாள் வேலை என்பதன் கணக்கையும் அவர் வாயிலாகத்தான் அறிந்தேன். காலை ஏழரைக்கு வந்து பதினொன்றரைக்கு ஓடு மாற்றி முடிந்துவிடுகிறது. நாம் அரைநாட் கூலியைக் கொடுத்துவிட்டு நியாயமாக நடந்துகொண்டதாக நினைக்கிறோம். பதினொன்றரைக்குப் பிறகு அவரை எடுக்கிறவர் யார்? எவருமில்லை. நமக்கு அரைநாள், அவருக்கு முழுநாள். அதே காலையில் ஒரு வீட்டுத் தளத்துக்குக் கொங்கிறீட் போடும் வேலைக்கு ஆள் தேவை என்று மேசன் சொல்லியனுப்புகிறார். முழுநாட் கூலி, பகல் சாப்பாடு, நாளை மறுநாளும் வேலை இருக்கலாம் என்ற நம்பிக்கை. அவர் அங்கே போகிறார். நாம் போனை எடுத்து அழைக்கிறோம். மணி அடித்து ஓய்கிறது. (முன்னைய காலத்தில் வீட்டுக்கு ஆள் அனுப்பினால் ‘அவர் வெளிய போய்ட்டார்’ என்று மனைவி சொல்லுவார். இன்று அந்த வேலையைக் கைத்தொலைபேசி செய்கிறது. எடுக்கப்படாத அழைப்பும் ஒரு ‘ஏலாது’தான், உரத்துச் சொல்லத் துணியாத ‘ஏலாது’.)

இதற்கு நேரெதிரான காட்சியையும் எல்லோரும் கண்டிருப்போம். சொன்ன நேரத்துக்கு ஆள் வந்து நிற்கிறார். வீட்டுக்காரர் வெளியே வந்து, “இண்டைக்கு வேணாம் தம்பி, மகள்ட வீட்டால ஆக்கள் வருகினம், வெள்ளிக்குப் பிறகு பாப்பம்” என்கிறார். தம்பியின் அந்த நாள் அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரரை ‘நம்பேலாத ஆள்’ என்று ஊரில் யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல் ஒரு திசையில் மட்டுந்தான் பாய்கிறது.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு அமய லீவு இருக்கிறது. சுகவீன லீவு இருக்கிறது. காய்ச்சல் என்றால் ஒரு கடிதம் போதும். நாங்கள் வராத நாளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு படிவம் இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது. அவர் வராத நாளுக்கு உள்ள ஒரே பெயர் ‘ஏமாத்திட்டான்’. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ் ஊழியருக்காக முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்துகிறார்கள். இன்று என் வளவிலும் நாளை உங்கள் வளவிலும் மண்வெட்டி பிடிக்கிறவருக்காக அந்த 12 வீதத்தைச் செலுத்திய வீட்டுக்காரரை நான் கண்டதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பாடசாலைகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் சம்பளம் பிசகாமல் வங்கிக்கு வந்தது. நாட்கூலிக் குடும்பங்களுக்கு ஏப்ரலிலும் மேயிலும் அரசாங்கத்தின் 5000 ரூபா கொடுப்பனவு வந்தது. வருடக்கணக்காக ‘நமக்கு வழக்கமாக வாற ஆள்’ என்று நாம் சொந்தம் கொண்டாடிய அவர்களுடைய வீடுகளில் அந்த நாட்களில் அடுப்பு எரிந்ததா என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்?

எமது பெரியவர்களிடம் இதைச் சொன்னால், “அந்தக் காலத்தில இப்பிடியா?” என்று தொடங்குவார்கள். போடியார் ஒரு சத்தம் வைத்தால் பத்துப் பேர் வந்து நின்ற காலம். வேளாண்மை வெட்டு முடிந்ததும் ஒஸ்தாவுக்கும் ஏனையோருக்கும் நெல் அளந்து கொடுத்த காலம். அதில் ஒரு நன்மை இருந்ததை மறுக்கவில்லை. வேலை இல்லாத மாதங்களிலும் அந்த வீட்டில் அரிசி இருந்தது. ஆனால், வந்து நின்ற பத்துப் பேரில் எத்தனை பேர் வராமல் இருந்திருக்க முடியும்? கடன் பட்டவர், போடியாரின் நிலத்தில் குடில் போட்டிருந்தவர், வாப்பா செய்த ஊழியத்தைத் தானும் செய்யவேண்டியிருந்தவர். அவர்கள் நம்பிக்கையானவர்களாக இருந்தார்கள் என்று சொல்வதைவிட, தப்பிப் போக வழியில்லாதவர்களாக இருந்தார்கள் என்று சொல்வது பொருந்தும். கட்டிப்போட்ட மாட்டை ‘எங்கும் போகாத நல்ல மாடு’ என்று யாரும் புகழ்வதில்லை.

அனெட் பேயர் என்ற மெய்யியலாளர், நம்பிக்கை பற்றி 1986இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒன்றைச் சார்ந்திருப்பதும் ஒருவரை நம்புவதும் வேறு வேறு என்று காட்டினார். ஜேர்மன் தத்துவஞானி காண்ட் தவறாத வழக்கங்கள் உள்ளவர். அயலவர்கள் அவரைப் பார்த்து நேரம் அறிந்துகொள்வார்கள். ஒருநாள் காண்ட் தூங்கிப்போனால் அவர்களுக்கு ஏமாற்றம் ஏற்படலாம். துரோகம் செய்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஏனெனில் அவர் அவர்களுக்கு எதையும் வாக்களிக்கவில்லை. போடியார் அந்தப் பத்துப் பேரையும் மணிக்கூட்டைப் போலத்தான் சார்ந்திருந்தார் என்று எனக்குப் படுகிறது. நாமோ மணிக்கூட்டின் ஒழுங்கையும் எதிர்பார்க்கிறோம். தவறும்போது மனிதன் செய்த துரோகமென்றும் கோபிக்கிறோம்.

அப்படியானால் நம்பகமான தொட்டாட்டு வேலைக்காரர் எமது ஊர்களில் இல்லவே இல்லையா? ஒருவர் இருக்கிறார். தேங்காய் பறிக்க வருகிறவர்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஏறக்குறையச் சொன்ன நாளில், மரமேறி வந்துவிடுகிறார். கூலி மரத்துக்கு இவ்வளவு என்று பேசப்பட்டிருக்கிறது. அரைநாள் முழுநாள் என்ற பிரச்சினை இல்லை. ஒரு வளவு முடிந்தால் பக்கத்து வளவு. மீண்டும் இதே மரத்தில் தான்தான் ஏறவேண்டும் என்று தெரிந்திருப்பதால், நாம் கேளாமலே வட்டைத் துப்புரவாக்கி, காய்ந்த மட்டையை இழுத்து விழுத்தி, “இந்த மரத்தில செவ்வண்டு விழுந்திரிக்கி சேர், கவனிக்கோணும்” என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். முக்கியமான விடயம் வேறொன்று. ஊரிலே ‘இண்டைக்கு ஏலாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே கூலியாள் அவர்தான். மழை பெய்திருக்கிறது, மரம் வழுக்கும், ஏற மாட்டேன் என்பார். எந்த முதலாளியும் முகம் சுளிப்பதில்லை. விழுந்தால் உயிர் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய ‘ஏலாது’வுக்கு மரியாதை இருப்பதனால்தான் அவருடைய ‘வாறன்’ஐ நம்பி நாம் கடைக்காரருக்குத் தேங்காய் சொல்லி வைக்கிறோம். வேலியடைக்கும் மனிதனுக்கு அந்த மரியாதை கிடைக்க அவனும் ஐம்பது அடி உயரத்தில் தொங்கவேண்டுமா?

கூலிக்கு ஆளமர்த்துவது பற்றிப் பேச்சு வந்தால் எமது பயான்களில் மூஸா (அலை) அவர்களின் மத்யன் வரலாறு கட்டாயம் வரும். சூரத்துல் கஸஸில் உள்ளது. ஆனால் பெரும்பாலும் ஒரேயொரு வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்: கூலிக்கு அமர்த்தச் சிறந்தவர் பலமும் நம்பிக்கையும் உள்ளவரே என்று அந்தப் பெரியவரின் மகள் தந்தையிடம் கூறியது. (அப்பெரியவரை ஷுஐப் (அலை) என்போர் உண்டு, குர்ஆன் பெயர் கூறவில்லை.) தொடர்ந்து வருவதைப் படித்தால் அது ஓர் ஒப்பந்தப் பேச்சு. மூஸா (அலை) அப்போது ஊரைவிட்டுத் தப்பி வந்தவர், கையில் எதுவுமில்லாதவர். எந்த நிபந்தனையையும் அவர்மீது சுமத்தியிருக்கலாம். பெரியவரோ தன் மகளை மணமுடித்துத் தருவதாகவும் அதற்கு எட்டு ஆண்டுகள் தன்னிடம் வேலை செய்யவேண்டும் என்றும் சொல்கிறார். பத்தாக்கினால் அது உமது விருப்பம், உமக்குக் கஷ்டம் தர நான் நாடவில்லை என்கிறார். மூஸா (அலை) சொல்லும் பதிலும் கவனிக்கத்தக்கது: இரண்டு தவணையில் எதை நான் நிறைவேற்றினாலும் என்மீது குற்றம் இருக்கக்கூடாது. அதாவது எட்டாம் வருட முடிவில் ‘இனி ஏலாது’ என்று சொல்லும் உரிமையைப் பேசி வைத்துக்கொண்டே அவர் ‘ஓம்’ என்கிறார். அவர் நீண்ட தவணையையே நிறைவேற்றினார் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. போகலாம் என்றிருந்தவர் இருந்தார்.

இன்னுமொன்று. அந்த உரையாடலில் ‘இன்ஷா அல்லாஹ்’ என்ற சொல் வருகிறது. அதைச் சொல்கிறவர் கூலியாள் அல்லர், ஆளமர்த்துகிற பெரியவர். தான் நல்லவராக நடந்துகொள்வதாக அவர் வாக்களிக்கும்போது சொல்கிறார். எமது ஊரில் அந்தச் சொல்லை வேலைக்கு வரமாட்டாதவரின் சாட்டாக்கிக் கேலி பேசுகிறோம். ‘இன்ஷா அல்லாஹ் போட்டுட்டான், அப்ப வரமாட்டான்’ என்கிறோம். நாம் எப்போதாவது கூலியாளிடம், ‘இன்ஷா அல்லாஹ் பின்னேரமே காசைத் தந்துவிடுவேன், மழை வந்து வேலை நின்றாலும் தருவேன்’ என்று சொன்னதுண்டா?

இவ்வளவும் எழுதிய பின்னும் ஒருவரை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. எங்கள் தெருவில் தனியே வாழும் ஒரு மூதாட்டி. மகன்மார் தூர தேசத்தில். ஐப்பசி பிறந்ததும் கூரையில் இரண்டு ஓடு உடைந்திருப்பதைக் கண்டு ஆள் தேடினார். ஒருவர் “நாளைக்கு வாறன் உம்மா” என்றார். நாலு கிழமையாக அதையே சொன்னார். கார்த்திகை மழை வந்தது. மெத்தையும், பெட்டியில் வைத்திருந்த துணிமணியும், வளையில் ஒரு பகுதியும் போயிற்று. இந்த அம்மா யாரையும் மிரட்டக்கூடியவரல்லர். ‘ஏலாது’ என்று சொன்னவரை ஒதுக்கிவைக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. அவரிடம் ஏன் அந்தப் பொய்யைச் சொல்லவேண்டும்?

அந்த மனிதர் இரக்கத்தினால்தான் சொல்லியிருப்பார். வயதானவரின் முகத்தைப் பார்த்து மறுக்க மனம் வராமல் சொல்லியிருப்பார். அந்த இரக்கந்தான் கெடுதி செய்தது. முதல் நாளே மறுத்திருந்தால் அவர் வேறொருவரைப் பார்த்திருப்பார். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பொடியன்களையாவது கெஞ்சியிருப்பார். நாலு கிழமை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. முதலாளிமாரிடம் பழகிய நாக்கு, ஏழையிடமும் அதையே பேசுகிறது. வறுமை ஒருவருக்கு எத்தனையோ விலக்குகளைத் தரலாம். இந்த ஒன்றுக்கு, வாக்குக் கொடுத்துவிட்டு ஓர் ஏழையைக் காத்திருக்க வைப்பதற்கு, விலக்கு இல்லை என்றே நான் கருதுகிறேன். என் பழைய மாணவரிடமும் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “அந்த உம்மாவால முழுநாள் காசு தர ஏலா சேர். அரைநாள் காசுக்குப் போனா என்ட வீட்டுல பிரச்சின” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதும் சரிதான். முழுநாட் கூலி கொடுங்கள், ‘ஏலாது’ என்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று என்னைப்போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்குச் சொல்லலாம். அந்த அம்மாவுக்குச் சொல்ல முடியாது. அங்கே இரண்டு வறுமைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

ஆனால், இதே தெருவில் ஒரு மௌத்து விழுந்தால் என்ன நடக்கிறது? நள்ளிரவென்றாலும் கபுறு வெட்ட ஆட்கள் வந்துவிடுகிறார்கள். ‘நாளைக்கு வாறன்’ என்று எவரும் சொல்வதில்லை. ஜனாஸா நலன்புரிச் சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா சேருகிறது. பலகை, பாய், கபன் துணி எல்லாம் ஆயத்தமாக இருக்கின்றன. ஊரில் ‘நம்பேலாத ஆக்கள்’ என்று பெயரெடுத்தவர்களே மண்வெட்டியோடு முன்னால் நிற்பதைக் கண்டிருக்கிறேன். அந்த அம்மா மௌத்தாகியிருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆள் கிடைத்திருக்கும். உயிரோடு இருந்தபடியால் நாலு கிழமையாகியும் கிடைக்கவில்லை.

சங்கத்தின் பணத்திலிருந்து ஒரு பங்கை இப்படியானவர்களின் ஓட்டுக்கும் வேலிக்கும் முழுநாட் கூலியாகக் கொடுத்தால் என்ன என்று நிர்வாகத்திலுள்ள ஒரு பெரியவரிடம் கேட்டுப் பார்த்தேன். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, “ஜனாஸா பர்ளு கிபாயா சேர். ஓடு மாத்துறதும் பர்ளு கிபாயாவா?” என்றார்.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவின் அறிவு பற்றிய முதல் நூலில் மருத்துவத்தோடும் கணிதத்தோடும் சேர்த்து விவசாயம், நெசவு, தையல், இரத்தம் குத்தியெடுத்தல் ஆகியவற்றையும் பர்ளு கிபாயாவாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். பெரியவர் சற்று நேரம் யோசித்தார். “அதுல ஓடு இல்லையே சேர்?” என்று கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார். கூட்டம் இன்னும் கூடவில்லை.